ஞானஸ்நானத் தொட்டியும் ஜாதி சர்டிபிகேட்டும்

பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லைக் கிராமங்களில் கிறிஸ்தவராகும்போது கொடுக்கும் வாக்கில் ஜாதி என்ற சொல்லே கிடையாது. ஆனால் அந்த வாக்குக்குக் கணக்குப் பார்ப்பது ஜாதிதான்.

சடங்கில் கேட்கப்படும் கேள்விகள் சிலதான். சாத்தானையும் அவன் செயல்களையும் விட்டுவிடச் சம்மதமா, பிதா, குமாரன், பரிசுத்த ஆவியின் மேல் விசுவாசம் உண்டா என்று கேட்பார்கள். பதில் ஒரு சொல்லோ இரண்டு சொல்லோ. பிறகு தண்ணீர். சில நிமிடங்களில் முடிந்துவிடும் இந்தச் சடங்குக்குத் தென் திருவிதாங்கூரில் இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக ராஜா, திவான், நிலக்கிழார், கடைசியில் நீதிமன்றம் என்று எல்லோரும் அர்த்தம் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

பாறசாலை கேரளத்தின் தென்கோடி. சில கிலோமீட்டரில் தமிழ்நாட்டின் களியக்காவிளை வந்துவிடும். 1956 நவம்பர் 1-ல் விளவங்கோடு, கல்குளம் உள்ளிட்ட நான்கு தாலுகாக்கள் தமிழகம் வந்தபோது நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே தங்கிவிட்டது. தமிழும் மலையாளமும் கலந்து பேசும் இந்த வட்டாரத்தில் சர்ச்சுகளுக்குப் பஞ்சமில்லை. லண்டன் மிஷன் வழிவந்த சி.எஸ்.ஐ., லத்தீன் கத்தோலிக்கர், மலங்கரைக் கத்தோலிக்கர், சால்வேஷன் ஆர்மி, பெந்தெகொஸ்தே என்று பல சபைகள். நெய்யாற்றின்கரை லத்தீன் மறைமாவட்டம் 1996-லும், பாறசாலை மலங்கரை மறைமாவட்டம் 2017-லும் உருவாயின.

வாக்கு ஒன்றே என்றாலும் அதைக் கொடுக்கும் முறை சபைக்குச் சபை வேறு. சி.எஸ்.ஐ.யில் குழந்தைக்காகப் பெற்றோரும் ஞானப்பெற்றோரும் வாக்குக் கொடுக்கிறார்கள். வளர்ந்தபின் திடப்படுத்தலின்போது, பிஷப் முன்னால் அந்தக் கடனைப் பிள்ளையே தன் வாயால் ஏற்கிறது. லத்தீன் கத்தோலிக்கத்தில் வயதுவந்தவர் சேர வந்தால் மாதக்கணக்கில் போதனை. தண்ணீர் பெரும்பாலும் ஈஸ்டர் முந்தின இரவில். மலங்கரைச் சபையின் சுரியானி முறையில் மேற்கே திரும்பிச் சாத்தானை மறுக்க வேண்டும், கிழக்கே திரும்பி விசுவாசத்தை அறிக்கையிட வேண்டும். பெந்தெகொஸ்தேயினர் குழந்தை ஞானஸ்நானத்தைக் கணக்கிலேயே எடுப்பதில்லை, வயதுவந்தபின் முழுக்குத்தான். ஏற்கெனவே ஞானஸ்நானம் பெற்றவர் மறுபடி தண்ணீரில் இறங்கும்போது பழைய சபையின் பாதிரியாருக்கு வருத்தம் ஏற்படுவது இயல்புதான்.

சால்வேஷன் ஆர்மியில் தண்ணீரே இல்லை. கொடியின் கீழே நின்று உடன்படிக்கையில் கையெழுத்திட வேண்டும்: குடியில்லை, புகையிலையில்லை. பனையேறிப் பிழைத்த மக்களிடையே இது லேசான வாக்கல்ல. கலயத்தில் சுண்ணாம்பு தடவினால் இறங்குவது அக்கானி, தடவாவிட்டால் கள். தினமும் காலையும் மாலையும் பனையுச்சியில் சோதிக்கப்படும் வாக்கு அது.

வாக்குக்கு உயிரையே விலையாகக் கொடுத்தவர் பக்கத்து ஊர்க்காரர். மார்த்தாண்டத்தை அடுத்த நட்டாலத்தில் 1712-ல் பிறந்த நீலகண்ட பிள்ளை, திருவிதாங்கூர் அரசுப் பணியில் இருந்தவர். குளச்சல் போரில் பிடிபட்ட டச்சுத் தளபதி டிலனாய் மூலம் கிறிஸ்தவத்தை அறிந்தார். 1745-ல் ராஜ்யத்தின் எல்லை தாண்டி வடக்கன்குளம் போய் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார். சிறை, சித்திரவதை, நாடுகடத்தல் எல்லாம் முடிந்து 1752 ஜனவரியில் ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15-ல் போப் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தபோது பெயரில் 'பிள்ளை' இல்லை. ஜாதிப் பட்டம் வேண்டாம் என்று எழுந்த ஆட்சேபத்துக்குப் பின் அது நீக்கப்பட்டிருந்தது. இதில் ஒரு முரண் உண்டு. அவர் ஞானஸ்நானம் பெற்ற அதே வடக்கன்குளத்தின் கோயிலில் பிற்காலத்தில் ஜாதிகளைப் பிரிக்கும் சுவர் இருந்தது. அது இடிபட்டது 1910-ல்.

அடுத்த நூற்றாண்டில் வாக்குக் கொடுத்தவர்கள் பெரும்பாலும் நாடார்களும், புலையர், பறையர் போன்ற அடிமைப்பட்ட ஜாதியினரும். ஞாயிற்றுக்கிழமை வேலை செய்வதில்லை என்பது அன்றைய கிறிஸ்தவர்கள் கடைப்பிடித்த கட்டுப்பாடு. கேட்கச் சாதாரணமாக இருக்கும். ஆனால் கூலியில்லாமல் அரசுக்கும் கோயிலுக்கும் ஊழியம் செய்தே தீர வேண்டிய ஜாதிக்காரன் "ஞாயிறு வரமாட்டேன்" என்றால் அது கலகம். ரெசிடென்ட் மன்றோ காலத்தில்தான் கிறிஸ்தவர்களுக்கு ஞாயிறு ஊழியத்திலிருந்து விலக்குக் கிடைத்தது. கிறிஸ்தவப் பெண்கள் குப்பாயம் அணிந்ததும் பெரும் பிரச்னையானது. 1858 இறுதியில் வெடித்த தோள்சீலைக் கலவரம் நெய்யாற்றின்கரை வட்டாரத்தையும் விடவில்லை. 1859 ஜூலை 26-ல் வந்த ராஜப் பிரகடனம் இந்து, கிறிஸ்தவர் என்ற பேதமில்லாமல் எல்லா நாடார் பெண்களுக்கும் மார்பை மறைக்கும் உரிமை கொடுத்தது. உயர்ஜாதிப் பெண்களைப் போல உடுத்தக்கூடாது என்ற நிபந்தனையையும் மறக்காமல் சேர்த்துக்கொண்டது.

இன்று அடி உதை இல்லை. விலை காகிதத்தில் வசூலாகிறது.

தலித் கிறிஸ்தவருக்கு விழும் அடி நேரடியானது. 1950-ம் ஆண்டு ஜனாதிபதி ஆணை பட்டியல் ஜாதி அந்தஸ்தை இந்துக்களுக்கு மட்டும் வைத்தது. 1956-ல் சீக்கியரும் 1990-ல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள், கிறிஸ்தவர் வெளியே. மதம் மாறிய தலித்துகளுக்கென்று கேரள அரசு 1980-ல் தனிக் கார்ப்பரேஷன் தொடங்கியதும் ஒருவகையில் அந்த இழப்புக்கான சாட்சிதான். கைக்குழந்தையாக ஞானஸ்நானம் பெற்ற புதுச்சேரிப் பெண் ஒருவர் பட்டியல் ஜாதிச் சான்று கேட்டபோது, 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. பெற்றோர் கொடுத்த வாக்கு, முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு அவர் கணக்கில். தேவிகுளம் எம்.எல்.ஏ.வாக இருந்த ராஜாவின் தேர்தலை 2023-ல் கேரள உயர் நீதிமன்றம் ரத்து செய்தபோதும் சர்ச் பதிவேடுதான் சாட்சிக் கூண்டில் நின்றது. 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது.

நாடார் கதை இன்னும் விசித்திரம். களியக்காவிளையில் எந்தச் சபையில் ஞானஸ்நானம் பெற்றாலும் கிறிஸ்தவ நாடார் பிற்படுத்தப்பட்டவரே. சோதனைச்சாவடியைத் தாண்டிப் பாறசாலைக்கு வந்தால் எந்தச் சபை என்று கேட்டார்கள். கேரளப் பட்டியலில் இந்து நாடார் உண்டு, எஸ்.ஐ.யு.சி. நாடார் உண்டு, லத்தீன் கத்தோலிக்கர் தனியே உண்டு. மலங்கரை, சால்வேஷன் ஆர்மி, பெந்தெகொஸ்தே நாடார்களுக்கு அன்று இடமில்லாமல் இருந்தது. எஸ்.ஐ.யு.சி. என்பது தென்னிந்திய ஐக்கிய சபை. 1947-ல் அது சி.எஸ்.ஐ.யில் கலந்துவிட்டது. சபை மறைந்தாலும் அதன் பெயர் ஜாதிப் பட்டியலில் உயிரோடிருக்கிறது! ஒரே வீட்டில் அண்ணன் சி.எஸ்.ஐ., தம்பி பெந்தெகொஸ்தே என்றால் ஒருவர் பிள்ளைக்கு இட ஒதுக்கீடு, மற்றவர் பிள்ளைக்கு இல்லை என்ற நிலை இருந்தது.

2021 பிப்ரவரியில் எல்லா கிறிஸ்தவ நாடார்களையும் பட்டியலில் சேர்க்கக் கேரள அமைச்சரவை முடிவு செய்தது. ஜாதிகளைச் சேர்க்கும் அதிகாரம் மாநிலத்துக்கு இல்லை என்ற அடிப்படையில் ஜூலையில் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. ஆகஸ்டில் அரசியல் சட்டத்தின் 105-வது திருத்தம் அந்த அதிகாரத்தை மாநிலங்களுக்கே திருப்பிக் கொடுத்தது. மேற்கும் கிழக்குமாகத் திரும்பி வாக்குக் கொடுத்த மலங்கரை நாடாரின் பிள்ளைக்கு சர்டிபிகேட் கிடைக்குமா என்பது திருவனந்தபுரத்திலும் டெல்லியிலும் பேசப்படும் விஷயமானது.