திசு ஆய்வுக்கூடத்தில் கரைப்பான்கள்: தீங்கும் காப்பும்

நோயாளியின் உடலில் தோன்றிய கட்டியை அறுவை மருத்துவர் அகற்றுகிறார். அது புற்றுநோயா, தீங்கற்ற வளர்ச்சியா என்று முடிவு கூறுபவர் நோய்க்குறியியல் வல்லுநர். நுண்ணோக்கியின் கீழே வைக்கப்பெறும் சிறு கண்ணாடித் தகடு ஒன்றைக் கண்டே அவர் அம்முடிவுக்கு வருகிறார். அத்தகட்டில் ஒட்டியிருக்கும் திசுச் சீவலின் கனம் 3 முதல் 5 மைக்ரான் வரைதான். ஒரு மில்லிமீட்டர் உயரத்திற்குள் இத்தகைய சீவல்களை 200 முதல் 330 வரை அடுக்கிவிடலாம்.

இவ்வளவு மெல்லிய சீவலை ஆக்கித் தருவோர் திசு ஆய்வுக்கூடத்துப் பணியாளர்கள். நோயாளி அவர்களைக் காண்பதில்லை. பிறர் நோயை அறிவதற்காக அவர்கள் நாள்தோறும் சில வேதித் திரவங்களின் நடுவே நிற்கின்றனர். அத்திரவங்களின் இயல்பையும் அவற்றால் நேரும் கேட்டையும் அறிந்துகொண்டால்தான் காப்பு முறைகளின் பொருள் விளங்கும்.

திரவங்கள் எதற்கு?

உடலினின்று எடுத்த தசை மென்மையானது, நீர் நிறைந்தது. அதனை அப்படியே மெல்லியதாகச் சீவ இயலாது. எனவே அதனுள் உருகிய பாரபின் மெழுகை ஏற்றி இறுகச் செய்கின்றனர். ஆனால் மெழுகும் நீரும் ஒன்றோடொன்று கலவா. ஆகவே முதலில் திசுவிலுள்ள நீரை வெளியேற்ற வேண்டும். 70 விழுக்காட்டு ஆல்ககால், பின்னர் 95 விழுக்காடு, இறுதியாகத் தூய ஆல்ககால் எனப் படிப்படியாகத் திசுவை ஊறவைத்து இதனைச் செய்கின்றனர்.

ஆல்ககாலும் மெழுகுடன் கலவாது. இவ்விடத்தில்தான் சைலீன் என்னும் கரைப்பான் துணைக்கு வருகிறது. அது ஆல்ககாலோடும் கலக்கும்; மெழுகையும் கரைக்கும். இரு மொழியும் அறிந்த துபாசியைப் போல அது இரண்டிற்கும் இடையே நிற்கிறது. சைலீனில் ஊறிய திசு ஒளி ஊடுருவும் தன்மையையும் பெறுகிறது.

அதன் வேலை இத்துடன் முடிவதில்லை. சீவலைத் தகட்டில் ஏற்றிய பின் மெழுகைக் கரைத்து நீக்கவும் சைலீன் வேண்டும். சாயமேற்றிய பின் கண்ணாடி மூடியை ஒட்டுவதற்கு முன்னும் வேண்டும். இவ்வாறு ஒரே திசு மும்முறை சைலீனைச் சந்திக்கிறது. பெரிய மருத்துவமனை ஒன்றில் ஒரு நாளில் எத்தனை தகடுகள் உருவாகும் என்பதை எண்ணினால், அங்குப் பயன்படும் திரவத்தின் அளவு தெரியவரும்.

பார்மலினின் கதை

இவை அனைத்திற்கும் முன்னர் திசு அழுகாதபடி பார்மலினில் இடப்பெறுகிறது. பார்மலின் என்பது பார்மால்டிஹைடு வாயுவின் நீர்க்கரைசல். இதன் திசு காக்கும் ஆற்றல் தற்செயலாகவே கண்டறியப்பட்டது. ஜெர்மனியின் பிராங்க்பர்ட் நகரில் பெர்டினாண்டு பிளூம் என்னும் மருத்துவர், நுண்ணுயிர்க் கொல்லியாக இக்கரைசலைச் சோதித்து வந்தார். கரைசல் பட்ட தம் விரல்களின் தோல் விறைத்திருப்பதைக் கண்டு, பிற திசுக்களையும் இது இறுகச் செய்யும் எனத் தெளிந்தார். 1893ஆம் ஆண்டில் அதனை வெளியிட்டார்.

விரல் தோலை விறைக்கச் செய்த அதே ஆற்றல் கண்ணையும் மூக்கையும் தொண்டையையும் வாட்டும் என்பதில் வியப்பில்லை. சிலருக்கு இதனால் தோல் ஒவ்வாமை உண்டாகிறது. அது வந்துவிட்டால் மிகச் சிறிதளவு பட்டாலும் தடிப்பு எழும். 2004ஆம் ஆண்டில் உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம், பார்மால்டிஹைடு மனிதரிடத்துப் புற்றுநோயை உண்டாக்கும் பொருள் என்றே வகைப்படுத்தியது. அமெரிக்காவில், எட்டு மணி நேர வேலையின்போது, பத்து இலட்சம் பங்கு காற்றில் சராசரியாக 3 பங்கு வரை இவ்வாயு இருக்கலாம் என 1987 வரை விதி இருந்தது. அவ்வாண்டில் அது 1 பங்காயிற்று, 1992இல் 0.75 பங்காகக் குறைந்தது. அறிவு வளர வளர எல்லை சுருங்கி வந்திருப்பதை இவ்வெண்கள் காட்டுகின்றன.

சைலீன் செய்யும் கேடு

முற்காலத்தில் பென்சீன், குளோரோபார்ம், டையாக்சேன் ஆகியவையும் இவ்வேலைக்குப் பயன்பட்டன. பென்சீன் எலும்பு மஞ்சையைத் தாக்கி இரத்தப் புற்றுநோயை விளைவிக்கும்; குளோரோபார்ம் கல்லீரலைக் கெடுக்கும். இவற்றோடு ஒப்பிட்டால் சைலீன் தீமை குறைந்தது. குறைந்தது என்பதனால் தீமையே அற்றது என்று கொள்ளலாகாது.

சைலீன் ஆவி மூச்சுடன் நுரையீரலுக்குள் செல்கிறது; திரவம் தோல் வழியாகவும் உட்புகும். கொழுப்பைக் கரைக்கும் இயல்புடையதாகையால் கைத்தோலின் எண்ணெய்ப் பசையை நீக்கி வறட்சியும் வெடிப்பும் உண்டாக்கும். நரம்பு மண்டலத்தையும் தாக்கும். தலைவலி, தலைச்சுற்றல், குமட்டல், கவனச் சிதைவு ஆகியவை அதன் அடையாளங்கள். கருவுற்ற தாயின் உடலிலிருந்து நஞ்சுக்கொடி வழியே சிசுவையும் அது சேரும். கல்லீரல் இதனை மெத்தில் ஹிப்பியூரிக் அமிலமாக மாற்றிச் சிறுநீரில் வெளியேற்றுகிறது. வேலை முடிந்தபின் சிறுநீரைச் சோதித்தால், அன்று ஒருவர் எவ்வளவு சைலீனுக்கு ஆட்பட்டார் என்பதை மதிப்பிடலாம்.

மூக்கை நம்பலாகாது

“இப்போது வாடையே தெரிவதில்லை, பழகிவிட்டது” என்று நெடுநாள் பணியாளர் பெருமையுடன் கூறுவதுண்டு. பழகியது மூக்கு மட்டுமே. தொடர்ந்து ஒரே மணத்தை நுகரும் மூக்கு விரைவில் களைத்துப் போகிறது. காற்றிலுள்ள ஆவியோ குறைவதில்லை. ஆகவே சட்டையில் அணியும் சிறு அளவிகளைக் கொண்டு காற்றின் நிலையை அளந்தறிவதே முறையாகும்.

தீயின் அச்சமும் உண்டு. தூய ஆல்ககாலின் ஆவி ஏறத்தாழ 13 பாகை செல்சியசிலும், சைலீனின் ஆவி ஏறத்தாழ 27 பாகையிலும் தீப்பொறி பட்டால் பற்றிக்கொள்ளும். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் நண்பகல் வெப்பம் 30 பாகையைத் தாண்டுவது வழக்கம். குளிரூட்டி நின்றுபோன அறையில் திறந்து கிடக்கும் சைலீன் தொட்டி, தீப்பிடிக்கும் நிலையிலேயே இருக்கிறது. அதன் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு தவழ்ந்து சென்று தொலைவிலுள்ள சுடரையும் எட்டும்.

காப்பின் வரிசை

காப்பு என்றவுடன் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது கையுறை. உண்மையில் அது கடைசி அரண். அறுவைக்கு அணியும் இரப்பர் கையுறையையும் மெல்லிய நைட்ரைல் கையுறையையும் சைலீன் சில நிமிடங்களில் ஊடுருவிவிடும். பார்மலினுக்கு நைட்ரைல் ஏற்றது. சைலீனை நன்கு தடுப்பது வைட்டான் போன்ற விலையுயர்ந்த பொருள். முகத்தில் கட்டும் துணியும் அறுவை முகமூடியும் ஆவியைத் தடுப்பதில்லை.

முதல் அரண், கொடிய பொருளை நீக்கி மென்மையானதை வைப்பது. ஆரஞ்சுத் தோலிலிருந்து கிடைக்கும் லிமோனின், ஐசோபுரொப்பைல் ஆல்ககால், சில நிலக்கரைவு எண்ணெய்கள் ஆகியவை சைலீனுக்கு மாற்றாகப் பயன்படுகின்றன. இவற்றுக்கும் குறையுண்டு, லிமோனின் சிலருக்கு ஒவ்வாமை தரும். இரண்டாவது அரண், மூடிய கருவியும் ஆவியை வெளியே இழுக்கும் காற்றுப்போக்கிப் பெட்டியும். அவசர வேலை மிகுந்த நாளில் தொட்டியை அப்பெட்டிக்கு வெளியே எடுத்து வைத்துக்கொள்வது, அரணின் கதவைத் தாமே திறந்துவிடுவதற்கு ஒப்பாகும்.

மூன்றாவது, நல்வழக்கம். கையில் ஒட்டிய பசையைச் சைலீனால் கழுவும் பழக்கம் அறவே ஒழிய வேண்டும். ஆய்வறையில் உண்ணலாகாது. கழிவுத் திரவத்தைத் தொட்டியில் கொட்டாமல், பெயர் எழுதிய கலத்தில் மூடி வைக்க வேண்டும். எலும்பின் சுண்ணாம்பை நீக்க ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் இடுமுன், திசுவில் தங்கிய பார்மலினை நன்கு கழுவிவிட வேண்டும். இவ்விரண்டும் சேர்ந்தால் புற்றுநோய் தரும் மற்றொரு கொடிய பொருள் உருவாகக்கூடும்.

மலேசியாவில் 1994ஆம் ஆண்டின் தொழில் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டமும் அதன்கீழ் 2000இல் வந்த வேதிப்பொருள் விதிகளும், சிங்கப்பூரில் 2006ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டமும் இக்கடமையை முதலாளியின் மேல் சுமத்துகின்றன. காற்றுப்போக்கியை அமைப்பதும் அதைப் பழுது பார்ப்பதும் பணியாளரின் தனிப் பொறுப்பல்ல என்பது இதனால் தெளிவாகும்.

ஆசிரியர்களுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. தவளையும் பாம்பும் மிதக்கும் பழைய பார்மலின் சாடிகள் பள்ளி அறிவியல் அறைகளில் இருக்கலாம். மூடி தளர்ந்திருக்கிறதா, பெயர்ச்சீட்டு அழிந்திருக்கிறதா என்று பார்த்தல் நலம். அச்சாடியைக் காட்டிப் பாடம் நடத்தும்போது, உள்ளிருக்கும் உயிரைப் பற்றிக் கூறுவதோடு, அதனைக் காக்கும் திரவத்தைப் பற்றியும் மாணவர்க்குக் கூறுதல் வேண்டும். நாளை ஆய்வுக்கூடத்தில் பணியாற்றப் போகிறவர் அவ்வகுப்பில் அமர்ந்திருக்கக்கூடும்.