வீடு வந்து சேராத மலிவு விலை கணினி

புதுதில்லி: விலையைக் குறைத்தால் சாமானியர் வீட்டுக்கும் கணினி வந்துவிடும் என்ற நம்பிக்கையில் இந்தியாவில் மேற்கொள்ளப்பட்ட முயற்சிகள் ஒன்றிரண்டல்ல.

பெங்களூர் இந்திய அறிவியல் கழகப் பேராசிரியர்கள் முன்னின்று உருவாக்கி, 2001-ல் அறிமுகமான கையடக்க "சிம்ப்யூட்டர்' அவற்றில் முன்னோடி. எழுத்தறியாதவர்களுக்கு இந்திய மொழிகளில் வாசித்துக் காட்டும் திறன் அதற்கு இருந்தது. ஒரே கருவியைப் பலர் பகிர்ந்துகொள்ளலாம். அவரவர் விவரங்கள் அவரவரது ஸ்மார்ட் கார்டில் இருக்கும். கிராமத்தை அறிந்தவர்களின் யோசனை இது. ஆனால், 2004-ல் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் தயாரிப்பாக விற்பனைக்கு வந்தபோது அதன் விலை சுமார் ரூ.10 ஆயிரத்தில் தொடங்கியது. சில ஆயிரம் கருவிகளே விற்றன.

அடுத்து "ஆகாஷ்'. 2011 அக்டோபர் 5-ம் தேதி, அப்போதைய மத்திய மனிதவள மேம்பாட்டு அமைச்சர் கபில் சிபல் தில்லியில் இதை வெளியிட்டார். அரசின் கொள்முதல் விலை ரூ.2,300-ஐ எட்டவில்லை. உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால் 366 மெகாஹெர்ட்ஸ் செயலியும், 256 எம்.பி. நினைவகமும் கொண்ட அந்தப் பலகைக் கணினி மிக மெதுவாகவே இயங்கியது. மறு ஆண்டு நவம்பரில் மேம்படுத்தப்பட்ட "ஆகாஷ்-2' வந்தது. அதற்குள் கடைகளில் மலிவு விலைப் பலகைக் கணினிகள் குவியத் தொடங்கிவிட்டன.

உண்மையில் விலை மட்டும்தானா தடை? 2017-18 தேசிய மாதிரி ஆய்வின்படி, கிராமப்புறங்களில் கணினி இருந்த வீடுகள் 4.4 சதவீதம், இணைய வசதி இருந்த வீடுகளோ 14.9 சதவீதம். கணினிக்காகக் காத்திராமல், செல்போன் வழியாகவே இணையம் உள்ளே நுழைந்துவிட்டது.

பாட்டுக் கேட்கவும் பணம் அனுப்பவும் செல்போன் போதும். கட்டுரை எழுதவும், கணக்குப் பதிவேடு தயாரிக்கவும் போதுமா? 2020-ல் பள்ளிகள் மூடப்பட்டபோது, தந்தை வேலைக்கு எடுத்துச் சென்ற ஒற்றை செல்போனுக்காக இரண்டு, மூன்று பிள்ளைகள் மாலைவரை காத்திருந்த வீடுகள் ஏராளம்.

தொலைக்காட்சிப் பெட்டியையே கணினியாக்கும் "ஜியோ பிசி' சேவையை ரிலையன்ஸ் ஜியோ 2025-ல் தொடங்கியது. வேலையெல்லாம் தொலைவில் உள்ள சர்வரில் நடக்கும்; வீட்டில் செட்டாப் பாக்ஸும் விசைப்பலகையும் மவுஸும் இருந்தால் போதும். சென்னையின் நோவேடியம் நிறுவனம் 2000-களிலேயே முயன்று பார்த்த வழிதான் இது. அன்று அதற்கேற்ற பிராட்பேண்ட் வீடுகளில் பரவலாக இல்லை. இன்று நகரங்களில் இருக்கிறது. கிராமத்து வீட்டில் இணைப்பு துண்டிக்கப்பட்டால், அந்தக் கணினி மீண்டும் வெறும் தொலைக்காட்சிப் பெட்டிதான்.