காலைக் கடிக்கும் நாய்க்கு எங்கே வலிக்கிறது?

முன்னங்காலில், மணிக்கட்டுக்குச் சற்று மேலே, ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு முடி உதிர்ந்திருக்கும். கொசு கடித்திருக்கும், எங்காவது உரசியிருக்கும் என்று வீட்டில் விட்டுவிடுவார்கள். இரண்டு மூன்று மாதத்தில் அந்த இடம் தடித்து மேடாகிவிடும். நடுவில் சிவந்து ஈரம் கசியும், விளிம்பு கறுத்துக் கெட்டிப்படும். இரவு டிவியை அணைத்து எல்லோரும் படுத்த பிறகு கூடத்து மூலையிலிருந்து சளப் சளப்பென்று நக்கும் சத்தம் கேட்கும். அதட்டினால் நிற்கும். அதட்டியவர் கண்ணை மூடியதும் மறுபடி தொடங்கும்.

மஞ்சளும் வேப்பெண்ணெயும் பூசினால் அதையும் சேர்த்து நக்கிவிடும். கட்டுப் போட்டால் பல்லால் பிய்த்துவிடும். கழுத்தில் பிளாஸ்டிக் கூம்பை மாட்டினால் புண் ஆறத் தொடங்கும். ஆனால் கழற்றிய சில நாளில் பழைய இடத்திலோ அடுத்த காலிலோ திரும்ப ஆரம்பிக்கும். கால்நடை மருத்துவர்கள் இதை ‘லிக் கிரானுலோமா’ என்கிறார்கள். லேப்ரடார், டாபர்மேன், ஜெர்மன் ஷெப்பர்ட், கிரேட் டேன் போன்ற பெரிய உடல்வாகு நாய்களிடம் இது அதிகம். வாலைத் துரத்திப் பிடித்துக் குதறுவது, விலாப்பக்கத் தோலை வாயில் கவ்விச் சப்பிக்கொண்டே இருப்பது, பாதத்தை ரத்தம் வரும்வரை மெல்லுவது ஆகியவையும் இதே குடும்பத்தைச் சேர்ந்தவை.

இதைச் சேட்டை என்று அடிக்கிற வீடுகளும் உண்டு, ‘போரடிக்குது போல’ என்று சிரித்துக் கடக்கிற வீடுகளும் உண்டு. இரண்டிலும் கஷ்டப்படுவது நாய்தான். இது ஒரு நோய். தோல், மூட்டு, வயிறு, பயம், மூளை என்று பல இடங்களில் அதற்கு வேர் இருக்கும். ஒரு வேரை மட்டும் வெட்டினால் இன்னொன்றிலிருந்து துளிர்க்கும்.

தோலிலிருந்து தொடங்கலாம். ஓயாமல் நக்கும்போது முடி முறிந்து, அதன் துணுக்குகள் தோலுக்குள் புதைகின்றன. உடலின் எதிர்ப்பாற்றல் அவற்றை அந்நியப் பொருளாகவே நடத்துவதால் சுற்றிலும் வீக்கம் வருகிறது. அந்த ஆழத்தில் ஸ்டெஃபிலோகாக்கஸ் பாக்டீரியா குடியேறுகிறது. வீக்கமும் தொற்றும் சேர்ந்து அரிப்பைக் கிளப்ப, அரிக்கும் இடத்தை நாய் மேலும் நக்குகிறது. முதலில் எதற்காக நக்கத் தொடங்கியதோ அந்தக் காரணம் போய்விட்டாலும் புண்ணே புதுக் காரணமாகிவிடுகிறது. மேலே தடவும் களிம்பு இந்த ஆழத்தை எட்டாது. புண்ணிலிருந்து மாதிரி எடுத்து எந்தக் கிருமி, எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்று பார்த்து, வாய்வழி ஆன்டிபயாட்டிக்கை வாரக்கணக்கில் கொடுக்க வேண்டியிருக்கும். பல நேரம் ஆறு வாரத்துக்கும் மேலாகும். மேல்தோல் காய்ந்ததைப் பார்த்துப் பாதியில் நிறுத்துவதால்தான் பல நாய்களுக்கு இது ஆண்டுக்கணக்கில் இழுக்கிறது.

அடுத்து மருத்துவர் தேடுவது, தொடக்கத்தில் நாயை நக்கவைத்தது எது என்பதை. உண்ணி, தெள்ளுப்பூச்சி, சொறி, உணவு ஒவ்வாமை என்று தோல் சார்ந்தவை ஒரு பக்கம். அந்தத் தோலுக்கு அடியில் இருக்கும் மூட்டு இன்னொரு பக்கம். மணிக்கட்டு மூட்டு தேய்ந்து வலிக்கிற கிழ நாய், வலிக்கிற இடத்துக்கு மேலே நக்கும். எக்ஸ்ரே எடுக்காமல் அது தெரியாது. இங்கிலாந்தின் லிங்கன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேனியல் மில்ஸும் சக ஆய்வாளர்களும் 2020இல் ஒரு கணக்கை வெளியிட்டார்கள். நடத்தைச் சிக்கலுக்காகத் தங்களிடம் அனுப்பப்படும் விலங்குகளில் குறைந்தது மூன்றில் ஒரு பங்குக்கு உடலில் ஏதோ ஒரு வலி இருக்கிறது என்றார்கள். சில மருத்துவர்களின் நோயாளிகளில் இது 80 சதவீதத்தை நெருங்கியது.

வயிறு சம்பந்தப்பட்ட ஆய்வு இன்னும் வியப்பானது. கனடாவின் மான்ட்ரியலில், தரை, சுவர், சோபா என்று எதையாவது நக்கிக்கொண்டே இருந்த 19 நாய்களை எடுத்துக்கொண்டார்கள். மனக்கோளாறு என்று முத்திரை குத்தப்படக்கூடிய நாய்கள்தான் அவை. குடலையும் இரைப்பையையும் சோதித்ததில் 14 நாய்களுக்குச் செரிமான உறுப்புகளில் கோளாறு இருந்தது. அதற்கு மருந்து கொடுத்ததும் பாதிக்கு மேற்பட்ட நாய்களிடம் நக்குவது குறைந்தது. குமட்டலும் நெஞ்செரிச்சலும் ஒரு நாய்க்கு இருக்கின்றன என்று நமக்கு வேறு எப்படித் தெரியும்?

உடலில் எல்லாம் சரியாக இருந்து, புண்ணும் ஆறி, அதற்குப் பிறகும் நக்கினால் கேள்வி மூளைக்குத் திரும்புகிறது. நாயின் மனம் நொறுங்கும் என்பதை அறிவியல் நூறாண்டுக்கு முன்பே கண்டுவிட்டது. 1914இல், ரஷ்யாவில் இவான் பாவ்லோவின் ஆய்வகத்தில், ஷெங்கர்-கிரெஸ்தோவ்னிகோவா என்ற ஆய்வாளர் ஒரு நாய்க்கு வட்டத்தையும் நீள்வட்டத்தையும் காட்டிப் பழக்கினார். வட்டம் தெரிந்தால் உணவு உண்டு, நீள்வட்டம் தெரிந்தால் இல்லை. நாய் எளிதாகப் பிடித்துக்கொண்டது. பிறகு நீள்வட்டத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக வட்டத்துக்கு அருகில் கொண்டுபோனார்கள். இரண்டு அச்சுகளும் ஒன்பதுக்கு எட்டு என்ற விகிதத்துக்கு வந்தபோது நாயால் வித்தியாசம் காண முடியவில்லை. அதுவரை சாதுவாக நின்ற நாய் கீச்சிட்டு நெளிந்தது. உடலில் பொருத்தியிருந்த கருவியைப் பல்லால் பிய்த்தது, குழாய்களைக் கடித்தது. முன்பு சுலபமாகச் சொன்ன பதில்களும் அதற்கு மறந்துபோயின. அடி உதை எதுவும் இல்லை. அடுத்து என்ன நடக்கும் என்று கணிக்க முடியாத நிலை ஒன்றே போதுமாக இருந்தது. பகல் முழுக்கச் சங்கிலியில் கட்டிவைத்து, நினைத்தபோது கொஞ்சி, நினைத்தபோது விரட்டும் வீட்டில் வளரும் நாயின் நிலையும் இதிலிருந்து அதிகத் தூரத்தில் இல்லை.

மனித மருத்துவத்தோடு இது இணைந்த கதை அமெரிக்காவில் நடந்தது. கையைக் கழுவிக் கழுவித் தோலே உரிந்துபோகும் குழந்தைகளுக்குச் சிகிச்சை தந்துகொண்டிருந்தவர் மனநல ஆய்வாளர் ஜூடித் ராபபோர்ட். எண்ணச்சுழற்சி நோய், அதாவது ஓசிடி, அவருடைய துறை. செரட்டோனின் என்ற மூளை வேதிப்பொருளின் மீது வேலை செய்யும் குளோமிப்ரமின் மருந்து அந்தக் குழந்தைகளுக்குப் பலன் தந்தது. காலை நக்கும் நாயும் இதே நோயாளிதானா என்று அவர் சோதித்தார். 1992இல் வெளியான முடிவு தெளிவாக இருந்தது. குளோமிப்ரமினும் ஃப்ளூவாக்சடினும் நாய்களின் நக்கலைக் குறைத்தன. அதே வகை மனச்சோர்வு மருந்தாக இருந்தும், முக்கியமாக வேறொரு வேதிப்பொருளின் மீது வேலை செய்யும் டெசிப்ரமின் உதவவில்லை. குழந்தைகளுக்கு எது பலித்தது, எது பலிக்கவில்லை என்ற அதே கணக்கு நாய்களுக்கும் பொருந்தியது.

மசாசூசெட்ஸில் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவர் நிக்கோலஸ் டாட்மன் டாபர்மேன்களைப் பின்தொடர்ந்தார். சில டாபர்மேன்கள் தங்கள் விலாவை, அல்லது ஒரு போர்வையை, மணிக்கணக்கில் சப்பும். தோல் புண்ணாகும், துணி வயிற்றுக்குள் போய் அடைத்துக்கொள்ளும். இவர் குழு 2010இல் அந்த நாய்களின் ஏழாவது குரோமோசோமில் ஒரு பகுதியைச் சுட்டிக்காட்டியது. நரம்புச் செல்கள் ஒன்றோடொன்று ஒட்டி இணைவதில் பங்குள்ள சிடிஎச்2 என்ற மரபணு இருக்கும் இடம் அது. ஆபத்தான மரபணு வடிவம், பாதிப்பில்லாத டாபர்மேன்களில் 22 சதவீத அளவில் காணப்பட்டது. ஒன்றுக்கு மேற்பட்ட பழக்கங்களில் சிக்கிய நாய்களில் அது 60 சதவீதம். இந்த மரபணு இருந்தால் நோய் வந்தே தீரும் என்று பொருளில்லை. வளர்த்தவர் சரியில்லை என்று ஒவ்வொரு உரிமையாளரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றவும் முடியாது.

பிறவியில் வந்த அந்த நாட்டத்தைத் தூண்டிவிடுவது பெரும்பாலும் பயம். ஃபின்லாந்தில் ஹெல்சின்கி பல்கலைக்கழகத்தின் ஹன்னஸ் லோஹி குழுவினர் சுமார் 13,700 வளர்ப்பு நாய்களைப் பற்றித் திரட்டிய தகவலை 2020இல் வெளியிட்டார்கள். நடத்தைச் சிக்கல்கள் எல்லாவற்றிலும் முதலிடம் சத்தத்தின் மீதான பயத்துக்கு. 32 சதவீத நாய்களிடம் அது இருந்தது. மனிதக் காது சுமார் 20,000 ஹெர்ட்ஸ் வரைதான் கேட்கும். நாய்க்கு அது ஏறத்தாழ 45,000. வெடிச் சத்தத்தில் நமக்கு எட்டாத பகுதியும் அதன் காதில் விழுகிறது.

நம் ஊரில் தீபாவளிக்கு என்ன ஆகும் என்று நாய் வளர்க்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கட்டிலுக்கு அடியில் புகுந்து நடுங்கும், எச்சில் வடியும், சாப்பாட்டைத் தொடாது. சில நாய்கள் கதவைப் பிராண்டி நகம் பெயர்ந்து ரத்தத்தோடு நிற்கும். பயந்த நாயை அணைத்துக்கொண்டால் பயம் பழக்கமாகிவிடும் என்று ஒரு நம்பிக்கை உண்டு. அது தவறு. நாயே தேடி வந்து ஒட்டிக்கொண்டால் கூட இருப்பதுதான் சரி. மருந்து வேண்டுமென்றால், முதல் வெடிக்கு முன்பே உடலில் சேர்ந்திருக்க வேண்டும்; நடுக்கம் உச்சத்துக்குப் போன பிறகு கொடுப்பது பெரிதாக உதவாது. அசிப்ரோமசின் என்ற பழைய மயக்க மருந்தைத் தனியாகக் கொடுப்பதை இன்றைய நடத்தை மருத்துவர்கள் விரும்புவதில்லை. அது நாயை அசையவிடாமல் படுக்கவைக்கும், பயத்தைத் தணிக்காது. வீட்டார் நிம்மதியாகத் தூங்கலாம், நாய் முழிப்போடு பயந்துகொண்டே கிடக்கும்.

தனிமையைத் தாங்காத நாய்களின் கதை வேறு. வீட்டைப் பூட்டிக்கொண்டு போன முதல் அரை மணி நேரத்துக்குள்ளேயே ஊளையும் பிராண்டலும் காலைக் கடிப்பதும் தொடங்கிவிடும். பழைய கைபேசி ஒன்றை அலமாரியில் வைத்து வீடியோ எடுத்துக்கொண்டு போனால் மருத்துவருக்குப் பாதி வேலை மிச்சம். இந்தத் தனிமைப் பதற்றத்துக்கென அமெரிக்க அரசு 1998இல் குளோமிப்ரமினையும் 2007இல் ஃப்ளூவாக்சடினையும் நாய்களுக்கு அனுமதித்தது. இரண்டிலும் ஒரு நிபந்தனை: நடத்தைப் பயிற்சியோடு சேர்த்துத்தான் கொடுக்க வேண்டும்.

அந்தப் பயிற்சி பார்ப்பதற்கு மிகச் சாதாரணமாக இருக்கும். வீட்டுக்காரர் சாவிக்கொத்தை எடுக்கிறார். நாய் எழுந்து மூச்சிரைக்கத் தொடங்குகிறது. அவர் எங்கும் போகாமல், சாவியோடு போய் நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படிக்கிறார். கொஞ்ச நேரம் கழித்துச் செருப்பை மாட்டிக்கொண்டு அடுப்படிக்குப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வருகிறார். பல நாள் இப்படி நடந்த பிறகு, சாவிச் சத்தத்துக்கு நாய் தலையைத் தூக்குவதோடு நிறுத்திக்கொள்ளும். அப்புறம்தான் வாசலுக்கு வெளியே ஐந்து நொடி, பத்து நொடி, ஒரு நிமிடம். நாய் பதறும் முன்பே திரும்பி வந்துவிட வேண்டும் என்பதுதான் முக்கியம். பட்டாசுப் பயத்துக்கும் இதே வழிதான்: ஒலிப்பதிவை மிக மெல்லிய சத்தத்தில் போட்டு, பிடித்த தீனியைக் கொடுத்து, வாரக்கணக்கில் சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போவது. தீபாவளிக்கு முந்தின வாரம் தொடங்கினால் பலனில்லை. ஆடி மாதமே ஆரம்பித்துவிட வேண்டும்.

நாயின் மூக்குக்கு வேலை கொடுப்பதும் சிகிச்சைதான். ஒளித்துவைத்த தீனியை மோப்பம் பிடித்துத் தேடப் பழகிய நாய்கள், தெளிவில்லாத ஒரு சூழலை முன்பைவிட நம்பிக்கையோடு அணுகியதாகச் சார்லட் டுரான்டனும் அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸும் 2019இல் காட்டினார்கள். மொட்டைமாடியில் நான்கு சுற்று ஓடவிடுவதைவிட, தெருவில் இஷ்டப்பட்ட இடத்தில் நின்று முகர விடும் இருபது நிமிட நடை நாய்க்கு அதிகம் தரும்.

அடிப்பதும் அதட்டுவதும் நேர் எதிர்த்திசையில் இழுக்கும். போர்ச்சுகலில் 92 நாய்களை ஒப்பிட்ட 2020ஆம் ஆண்டு ஆய்வில், தண்டித்துப் பழக்கிய நாய்களிடம் கார்டிசால் என்ற மனஅழுத்த ஹார்மோன் அதிகமாக ஏறியது. மனஅழுத்த அறிகுறிகளும் அதிகம் தெரிந்தன. பயத்தால் நக்கும் நாய்க்கு அடி என்பது இன்னொரு பயம். தனிமையால் நக்கும் நாய்க்கு ‘ஏய், நக்காதே’ என்ற அதட்டல்கூட ஒரு கவனிப்புத்தான். அதற்காகவே மறுபடி நக்கும். அந்த நேரத்தில் வேறு வேலைக்குக் கூப்பிட்டு, வந்ததும் பாராட்டுவது பலிக்கும்.

மருந்து தொடங்கும்போது சில விஷயங்களைக் கவனிக்க வேண்டும். ஃப்ளூவாக்சடினும் குளோமிப்ரமினும் பலன் காட்ட நான்கு முதல் ஆறு வாரம் ஆகலாம். முதல் வாரங்களில் பசி குறையும், சோர்வு வரும், சில நாய்கள் வாந்தி எடுக்கும். வீட்டில் யாருக்கோ எழுதிக் கொடுத்த மாத்திரையை உடைத்துக் கொடுப்பது ஆபத்து. உண்ணிக்காக நம் ஊரில் பரவலாகப் பயன்படும் அமிட்ராஸ் மருந்தை இவற்றோடு சேர்க்கக் கூடாது. வலிக்குக் கொடுக்கும் டிரமடாலும் சேர்ந்தால் செரட்டோனின் அளவுக்கு மீறி நாய்க்கு நடுக்கமும் காய்ச்சலும் வலிப்பும் வரலாம். நாய்க்கு ஏற்கெனவே என்னென்ன போடுகிறீர்கள் என்று மருத்துவர் கேட்கும்போது உண்ணிக் குளியலையும் மறக்காமல் சொல்ல வேண்டும்.

புண் மூடி, முடி முளைத்து, நக்கல் நின்ற பிறகும் மருந்து சில மாதம் தொடரும். பிறகு வாரக்கணக்கில் அளவைக் குறைத்துத்தான் நிறுத்துவார்கள். திடீரென நிறுத்தினால் பழைய பழக்கம் திரும்ப வாய்ப்புண்டு. சில நாய்களுக்கு ஆயுள் முழுக்க மருந்து தேவைப்படும். அப்படித் தொடரும் நாய்களுக்கு மருத்துவர் அவ்வப்போது ரத்தப் பரிசோதனை செய்து, கல்லீரலும் சிறுநீரகமும் சரியாக வேலை செய்கின்றனவா என்று பார்த்துக்கொள்வார்.