காயமுற்ற வீரரும் படிமுறைப் பயிற்சியும்

பெரம்பலூர், அரியலூர் மாவட்டச் சிற்றூர்களிலே மாலை வேளைகளில் சடுகுடு ஆடும் இளைஞரைக் காணலாம். அவ்வாட்டத்தில் கணுக்கால் பிசகுதலும் முழங்கால் நார் அறுதலும் உண்டு. வலி நீங்கியதும் அவர்கள் மீண்டும் களம் புகுகின்றனர். சிலர் மீண்டும் வீழ்கின்றனர். இதற்குக் காரணம் என்னை?

வலி தணிதல் வேறு. வலிமை மீளுதல் வேறு. கட்டுண்டு கிடந்த காலின் தசை சில வாரங்களிலேயே மெலிந்துவிடும். பயிற்சியால் தசை முன்னர்த் தேறும். அதனை எலும்புடன் பிணிக்கும் தசைநாணோ மெல்லவே உறுதி பெறும். தேறிய தசை விசையுடன் இழுக்க, தேறாத நாண் புண்படுகின்றது. அதற்காக முற்றும் ஓய்ந்திருத்தலும் தகாது. சுமைக்கேற்பவே எலும்பு தன்னை அமைத்துக்கொள்கிறது என்று ஜூலியஸ் வோல்ப் என்னும் செருமானிய மருத்துவர் 1892-ஆம் ஆண்டிலேயே எழுதினார்.

இரண்டாம் உலகப்போரில் காயமுற்ற படைவீரர்க்குச் சிகாகோ நகரில் மருத்துவம் செய்தவர் தாமசு டெலார்ம். இளமையில் நோயுற்று, எடை தூக்கித் தேறியவர் அவர். சிற்றெடையைப் பன்முறை தூக்குவிக்கும் பழைய வழக்கத்தை மாற்றி, பேரெடையைச் சிலமுறை தூக்குவித்து, அதன் பயனை 1945-இல் வெளியிட்டார். 1948-இல் அம்முறை மேலும் செப்பமுற்றது. ஒருவர் பத்துமுறைக்குமேல் தூக்க இயலாத எடை 8 கிலோ எனக் கொள்வோம். அவர் முதலில் 4 கிலோவைப் பத்துமுறை தூக்குவார்; அடுத்து 6 கிலோவை; இறுதியில் 8 கிலோவை. வலிமை வளர வளர அளவும் உயர்த்தப்படும். புதிதாய்ப் பழக்கும் காளையை முதல்நாளே கரும்பு வண்டியில் பூட்டுவார் நம் நாட்டில் இல்லை. தம் காலுக்கு மட்டும் அவ்விரக்கம் காட்டாதது வியப்பே!

ஆட்டக்காரர்க்கு எடை மட்டும் போதாது. நடை, மெல்லோட்டம், விரைவோட்டம், திடீரெனத் திரும்புதல், பிறரொடு மோதுதல் என அவர் படிப்படியாக ஏறுதல் வேண்டும். மறுநாட் காலையில் வீக்கமோ மிகுவலியோ தோன்றின், ஒருபடி இறங்குதல் வேண்டும். முழங்காலின் உள்நார் அறுந்து அறுவை செய்துகொண்டோர், போட்டிக்குத் திரும்ப ஒன்பது திங்களேனும் பொறுத்தல் நன்றென்பர் மருத்துவர்.

ஈட்டி எறியும் வீரர் நீரஜ் சோப்ராவுக்கு 2019 மே திங்களில் முழங்கையில் அறுவை நிகழ்ந்தது. அவ்வாண்டு தோகாவில் நடந்த உலகப் போட்டியில் அவர் கலந்துகொள்ளவில்லை. 2020 சனவரியில் தென்னாப்பிரிக்காவில் 85 மீட்டர் என்னும் ஒலிம்பிக் தகுதித் தொலைவைக் கடந்தார். 2021 ஆகத்து 7-ஆம் நாள் தோக்கியோவில் 87.58 மீட்டர் எறிந்து பொற்பதக்கம் பெற்றார்.