அணையாடை

குழந்தையைப் பாடாத தமிழ்ப் புலவர் அரியர். பிள்ளைத்தமிழ் என்றொரு பிரபந்த வகையையே வகுத்து, காப்பு முதலாகப் பத்துப் பருவங்களை அமைத்து, செங்கீரை ஆடுவதையும் சப்பாணி கொட்டுவதையும் அம்புலியை அழைப்பதையும் பாடி மகிழ்ந்தனர் நம் முன்னோர். வள்ளுவரும் மக்கட்பேற்றுக்கு ஓர் அதிகாரம் ஒதுக்கினார். ஆயினும், அக்குழந்தையின் அரையிலிருந்து நனைந்த துணியை அவிழ்த்து, கிணற்றடிக்குக் கொண்டு சென்று, அலசித் தோய்த்துக் காயவிட்ட கைகளுக்கு அப்பத்துப் பருவங்களுள் ஒன்றேனும் ஒதுக்கப்படவில்லை. பாட்டில் இடம்பெறாத அவ்வேலையினுள்ளே எத்துணை அறிவு அடங்கிக் கிடக்கின்றது என்பதைச் சிறிது எண்ணிப் பார்த்தல் தகும்.

அணையாடை என்பது நம் அகராதிகள் காத்து வைத்திருக்கும் அழகிய சொல். குழந்தைக்கு அணையாக இடும் ஆடை என்பது பொருள். வீட்டிலோ அது பெரும்பாலும் பாட்டனாரின் பழைய வேட்டியிலிருந்தோ பாட்டியாரின் நைந்த சேலையிலிருந்தோ கிழித்தெடுத்த துண்டு. இதனை வறுமையின் அடையாளமெனக் கருதுவோர் உளர். அவர்கள் பருத்தியின் இயல்பை அறியாதார். பருத்தி இழையின்மேல் இயற்கையான மெழுகுப் படலம் ஒன்று உண்டு. நெசவின்போது பாவுநூலுக்கு இடும் கஞ்சியும் அதனோடு சேர்கின்றது. ஆகவே வெளுக்காத கோடித் துணி நீரை எளிதில் உறிஞ்சுவதில்லை. பன்முறை தோய்த்துத் தோய்த்து அம்மெழுகு நீங்கிய பின்னரே இழை நீரை விரும்பி ஏற்கும், மென்மையும் பெறும். பத்தாண்டு உடுத்த வேட்டி, பிறக்கப்போகும் பேரப்பிள்ளைக்காகப் பத்தாண்டு பக்குவப்பட்ட துணி என்றே கூறலாம்.

தோய்ப்பதிலும் முறையுண்டு. மலம் பட்ட துணிக்கு முதலிற் பச்சைத் தண்ணீர்தான் விடவேண்டும். மலக்கறையிற் புரதப் பொருள் உண்டு. முட்டையின் வெண்கரு கொதிநீரில் இறுகுவதுபோல், சுடுநீர் பட்டவுடன் அதுவும் இறுகி இழையோடு பற்றிக்கொள்ளும். தண்ணீரில் அலசிக் கறையைக் கரைத்த பின்னரே சவர்க்காரமும் சுடுநீரும் வருதல் வேண்டும். சிறுநீர் பட்ட துணியையும் மூலையிற் குவித்து வைத்தலாகாது. சிறுநீரிலுள்ள யூரியாவைப் பற்றீரியாக்கள் அமோனியாவாக மாற்றுகின்றன; காலையில் துணிக்கூடையைத் திறந்தவுடன் மூக்கை அரிக்கும் நெடி அதுவே. குழந்தையின் தோற்புண்ணுக்கு இவ்வமோனியாவே காரணமென 1921ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவர் ஒருவர் எழுதினார். ஈரமும் உராய்வும் மலத்திலுள்ள நொதியங்களும் சேர்ந்தே தோலைப் புண்ணாக்குகின்றன என்று பிற்கால ஆய்வுகள் அக்கருத்தைத் திருத்தின. எவ்வாறாயினும், நனைந்த துணியை உடனே மாற்று என்ற பாட்டியின் கட்டளை இரு கொள்கைக்கும் பொதுவானது.

யாழ்ப்பாணத்துத் தாய்மாருக்கு மற்றுமொரு தொல்லை உண்டு. நம் கிணறுகள் சுண்ணாம்புக்கல்லைக் குடைந்து தோண்டப்பட்டவை. அந்நீர் வன்னீர். அதிலுள்ள கல்சியம் சவர்க்காரத்தோடு கூடி, நுரையாகாமல் வெண்கசடாகத் திரிகின்றது. அக்கசடு இழைகளின் இடையிற் படிந்து, துணியை மட்டைபோல் விறைக்கச் செய்வதோடு அதன் உறிஞ்சுந் திறனையும் குறைக்கின்றது. துணி விறைத்தது கண்டு மேலும் சவர்க்காரம் போடுவது, கசட்டை மேலும் பெருக்குவதேயாம். சிறிது சலவைச் சோடா இட்டு நீரை மென்மையாக்கலாம். சவர்க்காரம் முற்றும் நீங்கும்வரை பலமுறை அலசலாம். மழைநீரோ இயல்பாகவே மென்னீர். ஆனால் இயற்கையின் குறும்பைப் பாருங்கள்! ஐப்பசி, கார்த்திகையிற் பீலியால் வழியும் மென்னீர் வாளி வாளியாகக் கிடைக்கும்போது, துணியை உலர்த்த வெயில் இராது. வெயில் எரிக்கும் சித்திரையில் நீர் வன்மையாக இருக்கும். இவ்விரண்டுக்கும் இடையே குழந்தைக்கு உலர்ந்த துணி ஒன்று எப்போதும் இருக்குமாறு பார்த்துக்கொண்ட தாயின் கணக்கு, எந்தக் கணக்காளரின் கணக்குக்கும் குறைந்ததன்று.

வெயிலின் தொழில் உலர்த்துவது மாத்திரமன்று. அதிலுள்ள ஊதாக்கடந்த கதிர்கள் கிருமிகளைக் கொல்கின்றன. எவ்வளவு தோய்த்தும் போகாத மஞ்சட் கறை, ஒரு பகல் கொடியிற் கிடந்தால் வெளுத்துப் போவதைத் தாய்மார் அறிவர். தாய்ப்பாலுண்ணும் பச்சிளங் குழந்தையின் மலத்துக்கு அம்மஞ்சளைத் தருவது பெரும்பாலும் பிலிரூபின் என்னும் நிறப்பொருள். ஒளி பட்டால் அது சிதையும். செங்கண்மாரி கண்ட சிசுவின் தோலை மஞ்சளாக்குவதும் அதே பொருள். 1956ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் றொச்போர்ட் வைத்தியசாலையிற் பணிபுரிந்த வார்ட் என்னும் தாதி, சிசுக்களை முற்றத்து வெயிலுக்குக் கொண்டு சென்று வந்தபோது, வெயில் பட்ட தோல் வெளிறியிருக்க, துணி மூடிய இடம் மஞ்சளாகவே இருந்ததைக் கண்டார். அதனை ஆராய்ந்த கிறெமர் முதலிய மருத்துவர்கள் 1958இல் தம் முடிவை வெளியிட்டனர். இன்று வைத்தியசாலைகளிற் சிசுக்களை நீல ஒளியின்கீழ்க் கிடத்தும் சிகிச்சை அதிலிருந்தே வளர்ந்தது. அத்தாதி தோலிற் கண்டதற்கு ஒப்பானதொன்றை நம் கிணற்றடிப் பெண்கள் கொடியிலே நாடோறும் கண்டிருந்தனர். அவர்கள் கண்டதைக் கேட்பார்தாம் இருக்கவில்லை.

இனி, ஒரு கசப்பான உண்மையையும் சொல்லாது விடுதல் முறையன்று. யாழ்ப்பாணத்திலே பிள்ளை பெற்ற வீட்டின் துணிகளை எடுத்துச் சென்று வெளுத்தவர்கள், கட்டாடி என நாம் அழைத்த குடும்பத்தினர். 31ஆம் நாள் துடக்குக் கழிவும் அவர்கள் கைபடாது நிறைவேறியதில்லை. அத்துணியைத் தீட்டு என்றது நம் சமூகம். அத்தீட்டைப் போக்கியவரையும் தீட்டென்று கூறி முற்றத்திலேயே நிறுத்தியது. அழுக்கை உண்டாக்கியவர் உயர்ந்தோர், அகற்றியவர் தாழ்ந்தோர் என்ற அந்த நியாயம் எந்தத் தருமத்தைச் சேர்ந்தது? வேட்டியின் வெண்மையைப் பெருமையாகக் கொண்டவர்கள், அவ்வெண்மையைத் தந்தவரை மதிக்கக் கற்கவில்லை.

துடக்குக் கழிந்த பின்னரும் நாளாந்த வேலை நின்றுவிடாது. அது தாயின்மேலும் பாட்டியின்மேலும் விழும். இன்று, ஒருமுறை அணிவித்து எறிந்துவிடும் அணையாடைகள் கடைதோறும் விற்பனையாகின்றன. அவற்றின் பிளாஸ்டிக் மண்ணில் எளிதில் மக்குவதில்லை என்பதும், மாதந்தோறும் அவற்றுக்கெனச் செலவு உண்டு என்பதும் மெய். ஆயினும், அவற்றை வாங்கும் தாயைச் சோம்பலுடையவளெனப் பழித்தல் நேர்மையாகாது. இரவெல்லாம் விழித்திருந்து, விடிந்ததும் பாடசாலைக்கோ கந்தோருக்கோ ஓடும் பெண்ணொருத்திக்கு, ஒரு வாளித் துணி குறைவதென்பது ஒரு மணி நேர உறக்கம்.

பழைய வேட்டித் துண்டின் பெருமையை மேடையில் எடுத்துரைக்க ஆடவர் பலர் முன்வருவர். அப்பெருமை உண்மையானதே. ஆனால் அதைப் பேசும் உரிமை, மாலையில் வீடு திரும்பியதும் சட்டையைக் கழற்றிவிட்டு, கிணற்றடியிலுள்ள வாளியைத் தாமே தூக்குபவருக்கே உரியது.