நூறாவது ஒலி

தொழிலில் உயர வேகமே வேண்டும் என்போர் உண்டு. ஸ்கந்தபுரம் அமைந்துள்ள கிளிநொச்சி மாவட்டத்தின் வடக்கே, முகமாலையில் கண்ணிவெடி அகற்றிய பெண்களின் பணி வேறொன்றைக் கற்பிக்கிறது.

2002 முதல் இலங்கையில் பணியாற்றிவரும் ஹலோ ட்ரஸ்ட் நிறுவனத்தில், தனித்துக் குடும்பம் சுமக்கும் பெண்களும் இவ்வேலையில் சேர்ந்தனர். சிலர் குழுத் தலைவிகளாகவும் உயர்ந்தனர்.

கருவி ஒலித்தால், மண்ணுக்குள் இருப்பது வெறும் ஆணியாகவும் இருக்கலாம், மிதிவெடியாகவும் இருக்கலாம். ஆகவே, நூறாவது ஒலியையும் முதல் ஒலியைப் போலவே பொறுமையாகத் தோண்டிப் பார்க்க வேண்டும். அலுத்துப்போய் ஓர் ஒலியை விட்டுவிட்டால், நாளை அங்கு விளையாடும் பிள்ளையின் காலே போய்விடும்.

ஆசிரியை, தாதி, கணக்காளர் எவராயினும், வேலை ஓர் அமானிதம். யாரும் பாராத இடத்திலும் அதைப் பேணுபவரை நம்பியே பெரிய பொறுப்பு ஒப்படைக்கப்படும்.