பாய்மரத்தைத் தாங்கும் மூன்று கம்பிகள்

துறைமுகமும் படகுத்துறையும் இல்லாமல் மணற்கரையிலிருந்து நேராகவே கடலில் இறக்கக்கூடிய சிறிய இரட்டையுடல் பாய்மரப் படகுகளில், அமெரிக்காவின் கலிஃபோர்னியாவைச் சேர்ந்த ஹோபி ஆல்ட்டர் உருவாக்கிய ‘ஹோபி 16’ உலகெங்கும் அறியப்பட்ட ஒன்று. ஏறத்தாழ 5 மீட்டர் நீளமும் 145 கிலோ எடையும் உடைய இந்தப் படகில், இரண்டு மிதவை உடல்களை உலோகச் சட்டங்கள் இணைக்க, நடுவில் இழுத்துக் கட்டிய துணித்தளத்தின் மீது இருவர் அமர்ந்து செலுத்துகின்றனர். இதில் நேரும் விபத்துகள் பலவும் பாய்மரத்தை நிறுத்திவைக்கும் கம்பிகளிலும் இணைப்புகளிலும் தொடங்குபவை என்பதால், அவற்றின் அமைப்பை அறிவதே பழுது நீக்குவதற்கான முதற்படியாகிறது.

சுமார் 8 மீட்டர் உயரமுள்ள பாய்மரம் படகோடு இறுக்கப்பட்டதன்று; காற்றின் திசைக்கேற்பத் தன் அச்சிலேயே சுழல வேண்டியிருப்பதால், அது அடியில் ஒரு குமிழின் மீது வெறுமனே அமர்ந்திருக்கிறது. அதை நிமிர்த்திப் பிடிப்பவை இருபுறமும் கீழிறங்கும் பக்கத்தாங்கிகள் இரண்டும், படகின் முன்முனையாகிய அணியத்தை நோக்கிச் செல்லும் முன்தாங்கி ஒன்றும் ஆகிய மூன்று எஃகுக் கம்பிகளே. இவற்றில் ஒன்று விட்டுப்போனாலும் மரம் சாயும்.

கம்பிகள் எவ்வளவு வலுவாக இருந்தாலும், அவற்றைப் படகோடு இணைப்பது விரலளவுகூட இல்லாத ஊசியாணியும், அந்த ஆணி நழுவாதபடி அதன் துளையில் மாட்டப்படும், சாவிக்கொத்தில் இருப்பதைப் போன்ற சிறு வளையமுமே ஆகும். பாயைக் கட்டுப்படுத்தும் கயிறு உரசும்போது இந்த வளையம் சிக்கி விரிந்து கழன்றுவிட, தளர்ந்த கம்பியின் ஆட்டத்தில் ஆணியும் வெளியேறி, கம்பி அறாமலேயே மரம் விழுந்துவிடுகிறது. வளையத்தின் மேல் ஒட்டுநாடாவைச் சுற்றிவிட்டால் இந்த ஆபத்து பெரும்பாலும் நீங்கும்.

கம்பி அறுவதற்கும் காரணங்கள் உண்டு. பத்தொன்பது இழைகளை முறுக்கிச் செய்யப்படும் இக்கம்பி, முனையில் உள்ள உலோக உறைக்குள் நுழையும் இடத்தில்தான் மீண்டும் மீண்டும் வளைந்து களைத்துப்போகிறது. துருப்பிடிக்காத எஃகைக் காக்கும் மெல்லிய படலம் காற்றிலுள்ள ஆக்சிஜனால் உருவாவது. பிளாஸ்டிக் மூடிக்குள் உப்புநீர் தேங்கிக் காற்றுப் புகாமல் போகும்போது, வெளியே பளபளக்கும் கம்பி உள்ளே அரிக்கப்படுகிறது. எனவே மூடிகளை விலக்கிப் பார்ப்பதும், பழந்துணியால் கம்பியை நெடுகத் துடைப்பதும் அவசியம். துணி ஓரிடத்தில் சிக்கினால் அங்கே ஓர் இழை அறுந்திருக்கிறது என்று பொருள். அத்தகைய கம்பியை ஒட்டுப்போட முயலாமல் மாற்றிவிட வேண்டும்.

முன்தாங்கியின் பழுது எளிதில் கண்ணுக்குத் தப்புவது. முன்பாயை இழுத்து ஏற்றும்போது அதன் விளிம்பில் ஓடும் கம்பி சுமை முழுவதையும் ஏற்றுக்கொள்ள, முன்தாங்கி தளர்ந்துவிடுகிறது. அதனால் அதன் ஆணி கழன்றிருந்தாலும் கடலில் எதுவும் தெரிவதில்லை. கரை திரும்பி முன்பாயை இறக்கிய மறுகணமே மரம் பின்னோக்கி ஆட்களின் மேல் விழுகிறது. பாயை அவிழ்க்கும் முன் முன்தாங்கியின் இரு முனைகளையும் பார்த்துவிடுவது இதைத் தடுக்கும்.

கடலில் இருக்கும்போது பக்கத்தாங்கி ஒன்று விட்டுப்போகும் நிலை தெரிந்தால், நல்ல கம்பி காற்று வரும் பக்கத்தில் அமையுமாறு படகை உடனே திருப்ப வேண்டும். ஏனெனில் அந்தப் பக்கத்துக் கம்பியே சுமையைத் தாங்குகிறது. பின்னர், படகோட்டி வெளிப்புறம் தொங்கிச் சமநிலை காக்கப் பயன்படும் ட்ரப்பீஸ் கம்பியும் பாய்மரத்தின் மேற்பகுதியிலிருந்தே இறங்குவதால், அதன் கீழ்முனையைப் பக்கத்தாங்கி மாட்டப்பட்டிருந்த தகட்டோடு கயிற்றால் பல சுற்றுக் கட்டி, பாயைக் குறைத்து மெல்லக் கரை சேரலாம். முன்பக்க இணைப்பு விட்டுப்போனால், காற்று பின்னாலிருந்து வருமாறு படகைத் திருப்பி, மரம் பின்சாயாதபடி காத்துக்கொண்டு, முன்பாயை ஏற்றும் கயிற்றை அணியத்தில் கட்ட வேண்டும்.

மரம் விழுந்தேவிட்டால், முதலில் ஆட்களுக்குக் காயம் உண்டா என்று பார்த்து, பிறகு பாயை அவிழ்த்து, மரத்தைத் தளத்தின் மேல் இழுத்துக் கட்டிவிட்டு உதவிக்குக் காத்திருக்க வேண்டும். படகை விட்டு நீந்திச் செல்வது, தேடி வருவோர் கண்ணுக்கு எளிதில் தெரியக்கூடிய ஒரே அடையாளத்தைக் கைவிடுவதாகும். கரையில் மரத்தை மீண்டும் நிறுத்தும்போது மேலே மின்கம்பிகள் செல்கின்றனவா என்று பார்ப்பதும் இன்றியமையாதது. அலுமினிய மரங்கள் மின்கம்பியில் பட்டு உயிர்கள் போனதாலேயே மின்சாரம் பாயாத கண்ணாடியிழை மேல்முனை இப்படகுகளுக்கு வந்தது.

ஒரு கம்பி முதுமையால் அறுந்திருந்தால், அதே வயதுடைய மற்றவையும் அறும் நிலையிலேயே இருக்கும் என்பதால், மூன்றையும் ஒருசேர மாற்றுவதே முறையான பழுதுநீக்கம். படகோட்டி ஒவ்வொரு முறையும் படகை நீரில் தள்ளும் முன் ஆணிகள், வளையங்கள், கம்பி முனைகள் ஆகிய மூன்றையும் தொட்டுப் பார்த்துவிட வேண்டும். கடலில் செய்யும் எந்தப் பழுதுநீக்கமும் இந்தச் சோதனைக்கு ஈடாகாது.